முஷ்டி உயர்ந்ததும் கடிகாரம் நிற்கும்

முதலிலேயே ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். கூடைப்பந்து மைதானத்தில் விசிலோடு இரண்டு பேர் ஓடுகிறார்களே, அவர்களில் ஒருவர் பந்தைப் பார்ப்பதே இல்லை! பார்க்கக் கூடாது என்பதுதான் அவர்களுக்குப் பாடம். பந்து வளையத்தை நோக்கிப் பறக்கிறது. கூட்டம் முழுக்க அண்ணாந்து வாயைப் பிளக்கிறது. அந்த ஒருவர் மட்டும் கண்ணைத் தாழ்த்தி, போர்டுக்கு அடியில் முட்டிமோதும் முழங்கைகளையும் இடுப்புகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்துக்கொண்டிருக்கிறார். பந்து உள்ளே விழுந்ததா இல்லையா என்பது பல நேரம் அவருக்குக் கூட்டத்தின் சத்தத்தில்தான் தெரியவரும்.

இந்த ரகசியம் எனக்குக் கிடைத்த இடம் பாகாயம். காட்பாடியில் ஏறினால் வேலூர் ஊரையே கடந்து கொண்டுவந்து விடும் 1, 2 நம்பர் டவுன் பஸ்கள் வந்து திரும்பும் இடம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் சிமென்ட் கோர்ட்டில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான குறுவட்டப் போட்டி. கேலரி கிடையாது. மரத்தடியில் ஒரு நீள மேசை, அதன்மேல் ஸ்கோர் ஷீட், ஸ்டாப் வாட்ச், பேனாக்கள், ஒரு கைமணி. வெயில் ஏறுவதற்குள் முதல் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும். அந்தப் பரபரப்புக்கு நடுவே, ரெஃபரிகள் தயாராகும் பி.டி. அறைக்குள் என்னை விட்டார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பி.டி. அறை என்றால் உங்களுக்கும் வாசனை நினைவிருக்கும். வலைப்பைக்குள் பந்துகள், மூலையில் சுண்ணாம்பு மூட்டை, சாய்த்து வைத்த ஈட்டிகள், பீரோ மேல் தூசி படிந்த கேடயங்கள். அங்கே இரண்டு ரெஃபரிகள். ஒருவர் தலை நரைத்த உடற்கல்வி இயக்குநர். இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத உடற்கல்வி ஆசிரியை. வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். விளையாடும் இரண்டு பள்ளிகளில் எதுவும் அவர்களுடையது அல்ல. ஆசிரியை சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன் நின்று கையை உயர்த்துகிறார், இறக்குகிறார், மறுபடி உயர்த்துகிறார். பெரியவர் பின்னாலிருந்து, “முழங்கை மடங்குது மேடம். காதை ஒட்டி நேரா போகட்டும்” என்கிறார். “இப்ப சார்?” “இப்ப சரி.”

ஆட்டத்துக்கு முன் ரெஃபரிகள் கண்ணாடி முன் ஒத்திகை பார்ப்பார்கள் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? எனக்குச் சொன்னதில்லை!

ஒத்திகை முடிந்ததும் ஒரு குட்டி மாநாடு. இதற்கு ‘ப்ரீ-கேம்’ என்று பெயர். உலகக் கோப்பை ஆட்டமானாலும் குறுவட்ட ஆட்டமானாலும் நல்ல ரெஃபரிகள் இதைத் தவறவிடுவதில்லை. “டபுள் விசில் வந்தா சார்?” என்று ஆசிரியை கேட்கிறார். இருவரும் ஒரே நொடியில் ஊதிவிட்டால் என்ன செய்வது என்பது கேள்வி. “யார் பக்கத்துல நடந்ததோ அவங்க சொல்லட்டும். முதல்ல கண்ணைப் பார்த்துக்கலாம். அவசரப்பட்டு நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு காட்டிட்டா அசிங்கமாயிடும்.” கடைசி நொடி ஷாட்டை யார் பார்ப்பது, ஃப்ரீ த்ரோவின்போது யார் எங்கே நிற்பது, எந்தப் பயிற்சியாளர் அதிகம் கத்துவார், எல்லாம் ஐந்து நிமிடத்தில் பேசி முடிந்தது. பிறகு வெளியே வந்து இரண்டு அணிப் பெண்களையும் வரிசையில் நிறுத்தினார் ஆசிரியை. நகம் பார்த்தார். கம்மல், வளையல், கொலுசு, கூரான ஹேர்பின் எல்லாம் கழன்று ஒரு கைக்குட்டை மூட்டைக்குள் போயின. அடுத்தவருக்குக் காயம் உண்டாக்கக்கூடிய எதையும் அணிந்து ஆடக்கூடாது என்பது சர்வதேச விதி. அது ஒலிம்பிக்கிலும் உண்டு, மரத்தடியிலும் உண்டு.

விசிலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பெரியவர் கழுத்தில் தொங்கியது ஃபாக்ஸ் 40. பழைய விசில்களுக்குள் ஒரு சின்னக் குண்டு உருளும். எச்சிலோ தூசியோ சேர்ந்தால் குண்டு சிக்கிக்கொள்ளும், காற்று மட்டும்தான் வரும். கனடாவின் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற ரெஃபரிக்கு 1984-இல் பிரேசிலில், ஆயிரக்கணக்கானோர் நிறைந்த அரங்கில், ஒரு ஃபவுலுக்கு ஊதியபோது அப்படித்தான் விசில் வாயடைத்துப்போனது. கூட்டம் கொந்தளித்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய மனிதர், குண்டே இல்லாத விசிலைச் செய்யாமல் ஓயமாட்டேன் என்று பின்னாலேயே அலைந்து, 1987-இல் செய்து முடித்தார். இன்று வேலூர் மாவட்டத்து பி.டி. சாரின் கழுத்தில் தொங்குவது அந்த மனிதரின் அன்றைய அவமானத்தில் பிறந்த பொருள்.

இனி ஆட்டத்துக்குள் போகலாம்.

இரண்டு ரெஃபரிகளில் ஒருவர் ‘லீட்’, மற்றவர் ‘ட்ரெயில்’. லீட் என்பவர் பந்து போகப்போகும் வளையத்துக்கு அடியில், அடிக்கோட்டுக்கு வெளியே முன்கூட்டியே போய் நின்றுவிடுவார். ட்ரெயில் பந்துக்குப் பின்னால், சற்று இடப்புறமாக வருவார். இருவரையும் இணைத்து மனதில் ஒரு கோடு போட்டால் அது குறுக்காகப் போகும். பத்து ஆட்டக்காரர்களும் எப்போதும் அந்த இருவருக்கும் நடுவில் அடைபட்டிருக்க வேண்டும், யாரும் இருவரின் முதுகுக்குப் பின்னால் போய்விடக் கூடாது. இதுதான் அடிப்படை. பந்து பறிபோய் ஆட்டம் திரும்பியதா? அந்த நொடியே லீட் ட்ரெயிலாகிவிடுவார், ட்ரெயில் லீடாகி எதிர்முனைக்குப் பறப்பார். 28 மீட்டர் நீளக் கோர்ட்டில் இந்த மாற்றம் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வதில்லை! மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை மட்டும் பார்த்தாலே போதும், நேரம் போவது தெரியாது.

கண்களையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஷாட் கிளம்பினால் பந்தின் பயணமும் எறிந்தவரின் கையும் ட்ரெயிலுக்கு. வளையத்தடியில் இடம் பிடிக்கும் தள்ளுமுள்ளு லீடுக்கு. பந்து ஒருவர் எல்லைக்குள் இருக்கும்போது மற்றவர் பந்தில்லாத இடத்தில் நடக்கும் சில்லறை வேலைகளைப் பார்க்க வேண்டும்: ஜெர்சியைப் பிடித்து இழுப்பது, இடுப்பில் கை வைத்துத் தடுப்பது, ஓடிவருபவரின் வழியில் தோளைக் கொடுப்பது. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் இவைதான் அதிகம். பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ரெஃபரிக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. நாம் வெளியிலிருந்து “ரெஃபரிக்குக் கண் இல்லையா?” என்று கத்துவோம். கண் இருக்கிறது, கோணம்தான் இல்லை. இரண்டு உடம்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்க்கும் இடத்தில் நின்றால் உண்மை தெரியும். ஒருவர் முதுகை நேராகப் பார்க்கும் இடத்தில் நின்றால் வெறும் ஊகம்தான். அந்த இடைவெளிக்காக ரெஃபரி ஒரு அடி இடது, ஒரு அடி வலது என்று அசைந்துகொண்டே இருப்பார். என்னைக் கேட்டால், கூடைப்பந்து நடுவர் கலையில் பாதிக்கு மேல் காலில்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு அதிசயம். ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் உள்ளரங்கில் பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது எழுதியது பதின்மூன்றே விதிகள். அதிலேயே இரண்டு நடுவர்கள் உண்டு. அம்பயர் ஆட்களைப் பார்க்க வேண்டும், ஃபவுல்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரெஃபரி பந்தைப் பார்க்க வேண்டும். கண்களைப் பங்கு போடும் யோசனை ஆட்டத்தோடு கூடவே பிறந்திருக்கிறது! இன்று மாறியிருப்பது ஒன்றுதான்: இருவரும் அந்த இரண்டு வேலைகளையும் சில நொடிகளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். அந்த முதல் விதிகளில், ஒரு அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல் கொடுத்துவிடுவார்கள். ஃப்ரீ த்ரோ எல்லாம் பிறகு வந்தது.

சரி, விசில் ஊதியாயிற்று. இப்போது கையைப் பாருங்கள். விரித்த உள்ளங்கை மேலே போனால் அது விதிமீறல்: ட்ராவல், டபுள் டிரிபிள், மூன்று விநாடி மாதிரி, உடம்பு உரசாத குற்றங்கள். மூடிய முஷ்டி மேலே போனால் ஃபவுல். இரண்டுக்குமே மேசையில் இருக்கும் டைமர் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். ஆனால் முஷ்டியைப் பார்த்ததும் ஸ்கோரர் பேனாவைத் திறந்துவிட வேண்டும், யாரோ ஒருவர் பெயருக்கு நேராக எழுதப்போகிறோம் என்று. கண்ணாடி முன் முழங்கை நேராக இருக்க வேண்டும் என்று பெரியவர் வற்புறுத்தியதன் காரணம் இதுதான். அரைகுறையாக மடங்கிய கை தூரத்து மேசையிலிருந்து பார்த்தால் முஷ்டியா உள்ளங்கையா என்று தெரியாது. இரைச்சலில் விசிலே கேட்காமல் போனாலும் உயர்ந்த கை தெரிய வேண்டும்.

ஊதியவர் உடனே மேசைக்கு ஓடிவிடுவதில்லை. யார் செய்தது என்று இடத்திலேயே உறுதிசெய்துகொண்டு, கூட்டத்திலிருந்து விலகி, மேசைக்கு மறைவில்லாமல் தெரியும் இடத்துக்கு வந்து நிற்கிறார். ஓடிக்கொண்டே காட்டக் கூடாது, நின்று காட்ட வேண்டும். மூன்றே செய்தி, அதே வரிசையில்: யார், என்ன, அடுத்து என்ன. ஆட்டக்காரரின் எண், ஃபவுலின் வகை, அதற்கு எத்தனை ஃப்ரீ த்ரோ அல்லது பந்து எந்தப் பக்கம். இதெல்லாம் நடக்கும்போது இன்னொரு ரெஃபரி என்ன செய்கிறார் தெரியுமா? அசையாமல் நின்று பத்துப் பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடிபட்டவர் முறைப்பதும், அடித்தவர் முணுமுணுப்பதும், ஒரு சின்னத் தள்ளு பெரிய சண்டையாவதும் ஆட்டம் நின்ற அந்தப் பத்து நொடியில்தான். நாம் எல்லோரும் மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் ஒருவர் எதிர்ப்பக்கம் பார்க்கிறார்.

எண்களைக் காட்டும் முறை இருக்கிறதே, அதில் நான் சொக்கிப்போனேன். ஒன்று முதல் ஐந்து வரை வலது கை. ஆறு முதல் பத்து வரை இரண்டு கைகளும். பதினொன்று முதல் பதினைந்து வரை வலது கை முஷ்டி, இடது கை ஒன்று முதல் ஐந்து. அதற்கு மேல்தான் ஜாலம்: முதலில் புறங்கையைக் காட்டிப் பத்தின் இடத்து எண், பிறகு உள்ளங்கையைக் காட்டி ஒன்றின் இடத்து எண். 24 என்றால் புறங்கையில் இரண்டு, உள்ளங்கையில் நான்கு. மேசையில் இருந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி இதைக் கண் இமைக்காமல் படித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் பெரிய போட்டிகளில் முன்பெல்லாம் 4 முதல் 15 வரைதான் ஜெர்சி எண்கள். 1, 2, 3 ஏன் இல்லை என்று கேட்டால், ரெஃபரி காட்டும் அந்த விரல்கள் ஆட்டக்காரரின் எண்ணா, ஃப்ரீ த்ரோவா, புள்ளியா, மூன்று விநாடியா என்று குழப்பம் வரும் என்று பழைய பி.டி. மாஸ்டர்கள் விளக்கம் சொல்வார்கள். 2014-இல்தான் 0, 00 தொடங்கி 99 வரை அனுமதி வந்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் விதி வேறு மாதிரி: ஜெர்சியில் 6, 7, 8, 9 என்ற இலக்கங்களே வரக்கூடாது! ஒரு கைக்கு ஐந்து விரல், ஒவ்வொரு இலக்கத்தையும் ஒரே கையில் காட்டிவிட வேண்டும் என்பதே அதன் காரணம். ஒரு நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் எந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம் என்பதை ரெஃபரியின் விரல்கள் முடிவு செய்திருக்கின்றன.

இப்போது ஃபவுல் சைகைகள். எல்லாவற்றையும் சொல்ல ஆசைதான், பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன். இடுப்பில் இரண்டு கையையும் வைத்தால் பிளாக்கிங், வழியை மறித்தது. காற்றைத் தள்ளினால் தள்ளல். மணிக்கட்டில் ஒரு வெட்டு வெட்டினால் கையைத் தவறாகப் பயன்படுத்தியது. ஆட்டக்காரர் என்ன செய்தாரோ அதையே ரெஃபரி நடித்துக் காட்டுகிறார், அதனால் மொழி தெரியாதவருக்கும் புரியும். நுணுக்கம் எங்கே தெரியுமா? ஒரு கையால் மறுகை மணிக்கட்டைப் பிடித்துக் கீழே காட்டினால் அது ஹோல்டிங், சாதாரண ஃபவுல். அதே பிடியைத் தலைக்கு மேலே உயர்த்தினால் விளையாட்டு நெறிக்கு மாறான ஃபவுல்! இரண்டு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும் எதிரணிக்கே. அதுபோல இரண்டு கையாலும் டி எழுத்து போட்டு ஆள்காட்டி விரலைக் காட்டினால் டைம்-அவுட், விரலுக்குப் பதில் உள்ளங்கை தெரிந்தால் டெக்னிக்கல் ஃபவுல். ஒரு விரல் வித்தியாசத்தில் ஓய்வும் தண்டனையும் இடம் மாறுகின்றன. அடிபடாமலே அடிபட்டதுபோல விழுந்து நடிப்பவர்களுக்கும் ஒரு சைகை உண்டு: முன்கையை இரண்டு முறை மேலிருந்து அசைப்பது. முதல் முறை எச்சரிக்கை, மறுபடி செய்தால் டெக்னிக்கல்.

எல்லாவற்றிலும் கடினமானது மோதல். பந்தோடு ஒருத்தி பாய்ந்து வருகிறாள், எதிரே ஒருத்தி நிற்கிறாள், இருவரும் மோதிக் கீழே விழுகிறார்கள். யார் மீது ஃபவுல்? பாய்ந்து வந்தவள் மீதென்றால் சார்ஜிங்: முஷ்டியால் விரித்த உள்ளங்கையில் ஒரு குத்து. நின்றவள் மீதென்றால் பிளாக்கிங்: இடுப்பில் கை. இரண்டுக்கும் நடுவே அரை நொடி. பார்வையாளர்களான நாம் பாய்ந்து வருபவளைப் பார்ப்போம், அவளிடம்தானே பந்து இருக்கிறது. ரெஃபரி நின்றவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, எதிராளியை நேராகப் பார்த்து, முன்கூட்டியே இடம் பிடித்தாளா? மோதல் அவள் நெஞ்சில் பட்டதா, தோளில் உரசிப் போனதா? கையை நேராக மேலே தூக்கி நின்றிருந்தால் அவள் தலைக்கு மேலிருக்கும் காற்றும் அவளுடையது. அந்த உருளைக்குள் வேறு யாரும் புகக்கூடாது, அவளும் அதைத் தாண்டிச் சாயக்கூடாது. வளையத்துக்கு அடியில் 1.25 மீட்டர் ஆரத்தில் ஒரு அரைவட்டம் போட்டிருப்பார்கள், அதற்குள் நின்று மறிப்பவளுக்குப் பொதுவாகச் சார்ஜிங் கிடைக்காது. இத்தனையையும் அந்த அரை நொடிக்குள் பார்த்து, ஊதி, கையை உயர்த்தி, முகத்தில் சலனமில்லாமல் நிற்க வேண்டும்.

அன்றைய ஆட்டத்தில் அந்த மோதல் வந்தது. இரண்டு பெண்களும் சிமென்ட் தரையில். ஆசிரியையின் விசில் அவர்கள் தரையைத் தொடும் முன்பே கேட்டது. முஷ்டி நேராக மேலே, காதை ஒட்டி. அடுத்து உள்ளங்கையில் ‘டப்’ என்று ஒரு குத்து. சார்ஜிங்! மோதிய பெண்ணின் பயிற்சியாளர் எழுந்துவிட்டார். ஆசிரியை திரும்பிப் பார்க்கவில்லை. மேசைக்கு எதிரே வந்து நின்று, எண், வகை, திசை. பெரியவர் மறுபக்கத்தில் நின்று வீராங்கனைகளைப் பார்த்துக்கொண்டே லேசாகத் தலையசைத்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ரெஃபரிக்கு யாரும் கைதட்டுவதில்லை, அதனால் மனதுக்குள் தட்டிக்கொண்டேன்.

மேசையில் இருந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு பேர், எல்லோரும் மாணவிகள். ஸ்கோர் ஷீட்டில் முதல் கால்பகுதியும் மூன்றாவதும் சிவப்பு மையில், இரண்டாவதும் நான்காவதும் நீலத்தில் அல்லது கறுப்பில். எந்தப் புள்ளி, எந்த ஃபவுல் எப்போது விழுந்தது என்று பின்னால் யார் கேட்டாலும் நிறமே சாட்சி சொல்லும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஐந்து கட்டம். ஐந்தும் நிரம்பினால் அந்த ஆட்டக்காரர் வெளியே போக வேண்டும். ஃபவுல் விழுந்ததும் ஒரு மாணவி 1 முதல் 5 வரை எழுதிய அட்டைகளில் சரியானதைத் தூக்கிக் காட்டினாள், இரண்டு பயிற்சியாளர்களுக்கும் தெரியும்படி. ஒரு அணிக்கு ஒரு கால்பகுதியில் நான்கு ஃபவுல் ஆகிவிட்டால் அடுத்ததிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. பந்து இருவர் கையிலும் சிக்கினால் அடுத்த பந்து யாருக்கு என்று சொல்லும் அம்புக்குறி அட்டை ஒன்று. அதைத் திருப்பும் பொறுப்பு ஆறாம் வகுப்புக் குட்டி ஒருத்திக்கு. “அக்கா, திருப்பட்டுமா?” “இரு, பந்து உள்ள போகட்டும். இப்ப திருப்பு.” அந்தத் திருப்பலில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

இந்த மேசை தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சாட்சி உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம், அமெரிக்காவும் சோவியத் யூனியனும். மூன்று நொடி மிச்சம் இருக்கும்போது அமெரிக்கா 50–49 என்று முந்திவிட்டது. நாங்கள் டைம்-அவுட் கேட்டோம், கொடுக்கவில்லை என்றது சோவியத் தரப்பு. மைதானத்துக்கும் மேசைக்கும் இடையே செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை, கடிகாரமும் சரியாக வைக்கப்படவில்லை. அந்த மூன்று நொடி மூன்று தடவை ஆடப்பட்டது. மூன்றாவது தடவை சோவியத் கூடை போட்டு 51–50. பிரேசில் நாட்டு ரெஃபரி ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட மறுத்தார். அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை இன்றுவரை வாங்கவில்லை. ஒலிம்பிக்கையே ஆட்டிவைத்த அதே வேலையைத்தான் பாகாயத்தில் ஒரு மரத்தடியில் நான்கு சிறுமிகள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்தச் சைகைகள் வேலூர் வரை வந்த பாதையும் சுவாரசியமானது. நைஸ்மித்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அதே கல்லூரி. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்கள் அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். நம்மூர் பி.டி. மாஸ்டரின் விசிலிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு உள்ளரங்கம் வரை ஒரே சரடு போகிறது. ஆனால் கைமொழியில் அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் ஒருவழி, நாம் ஃபீபா வழி. பந்து வைத்திருப்பவர் மோதினால் நம் ரெஃபரி உள்ளங்கையில் குத்துவார். அமெரிக்கப் பள்ளி ரெஃபரி ஒரு கையைத் தன் பிடரியில் வைத்துக்கொள்வார்! அங்கே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, ஃபீபாவில் சாம்பல் நிறச் சட்டை. குறுவட்டத்தில் கையில் இருக்கும் டி-ஷர்ட். ஷூ மட்டும் எங்கும் கறுப்புதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலும் ஷூவும் உலகம் சுற்றும் வட்டாரத்தில் கறுப்பு ஷூவுக்குப் பஞ்சமில்லை.

பாகாயம், கை, விரல் என்று பேசியதும் நான் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி மறுபடி விரியவைத்தது இந்த வேலூரின் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். அதே நிறுவனத்தின் மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்தவர். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்தது அவரது முனைப்பால். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தின் ஃபவுல் விதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அங்கே நாற்காலியும் ஆட்டக்காரரின் உடம்பு. நாற்காலியை நாற்காலி இடித்தால் அது உடம்பை உடம்பு இடித்ததற்குச் சமம். பந்தைத் தட்டாமல் சக்கரத்தை இரண்டு தள்ளுக்கு மேல் தள்ளினால் ட்ராவல். டபுள் டிரிபிள் கிடையாது. இருக்கையிலிருந்து உடம்பைத் தூக்கிச் சாதகம் தேடினால் டெக்னிக்கல். ஆனால் முஷ்டி உயர்ந்தால் கடிகாரம் நிற்பது அங்கேயும் அப்படியே.

ஆட்டம் முடிந்ததும் ரெஃபரிகள் இருவரும் ஸ்கோர் ஷீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்து விழும் வரை ஆட்டம் முடிந்ததாகக் கணக்கில்லை. ஆசிரியை தண்ணீர் குடிக்கக்கூட உட்காராமல் பெரியவரிடம் கேட்ட முதல் கேள்வி: “சார், அந்த சார்ஜிங்ல நான் நின்ன இடம் சரியா?” தான் சொன்ன தீர்ப்பு சரியா என்று கேட்கவில்லை, நின்ற இடத்தைப் பற்றிக் கேட்டார். பெரியவர் ஷூ நுனியால் மண்ணில் கோடு போட்டு, இன்னும் அரை அடி வலப்பக்கம் என்று காட்டினார். அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்துவிட்டது.

நம் பெண்கள் கூடைப்பந்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இந்திய அணித் தலைவியாக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை அனிதா பால்துரை காட்டிவிட்டார். ஆடும் பெண்கள் கூடுகிறார்கள், ஊதும் பெண்கள் போதவில்லை. உடற்கல்வி ஆசிரியர்களே, உங்கள் பள்ளியின் ஹவுஸ் மேட்சுகளில் விசிலை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் ஆட்டம் தெரிந்த இரண்டு பெண்களை லீடும் ட்ரெயிலுமாக ஓடவிடுங்கள், மேசையில் எட்டாம் வகுப்பை உட்காரவையுங்கள், பி.டி. அறையில் ஒரு கண்ணாடி மாட்டுங்கள். பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் பெண் ஆடும் ஆட்டத்துக்குப் போனால் ஒரு ஐந்து நிமிடமாவது பந்தை விட்டுவிட்டு ரெஃபரியைப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அவரிடமும் மேசையில் இருந்த பிள்ளைகளிடமும் போய் நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.